நான் திருப்பிப் போட்ட அட்டை

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் சபை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். நலம் விசாரிக்க அல்ல... ஒரு திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்ள.

என்ன திருட்டு? சொல்கிறேன். சிரித்தாலும் பரவாயில்லை.

புத்தாண்டு காலையில் எங்கள் சபையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதிலுள்ள பைபிள் வசனம்தான் அந்த வருஷத்துக்கு நமக்கு. எடுத்ததை மாற்றக் கூடாது என்று வருஷா வருஷம் வரிசையை அதட்டுவதே நான்தான் — ரிட்டயர்டு வாத்தியார், சபைச் செயலாளர்.

இந்த வருஷம் என் அட்டையின் முதல் வரியே, உபத்திரவம் உண்டு என்றது. ஏற்கெனவே சுகர், முட்டிவலி. இது வேறா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோல் பாவனை செய்து, அட்டையைத் தட்டில் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். செழிப்பு என்று வந்தது. எனக்குப் பின்னால் நின்ற எஸ்தர் கைக்கு, நான் போட்டது போனது.

அடுத்த மாதமே அவள் கணவன் தானியேலுக்கு ஸ்ட்ரோக். என் பழைய மாணவன். பட்டு நெய்த வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போனது. எஸ்தர் செய்யார் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

நான்? மைக்கில் அவர்களுக்காக அழகாக ஜெபித்தேன். அந்தத் தெருப்பக்கம் மட்டும் போகவில்லை. அட்டையைப் பார்த்தா நோய் வருகிறது? எம்.ஏ. படித்த மூளைக்குப் புரிந்தது. மனசாட்சிக்குப் புரியவில்லை. ஊரார் துன்பத்துக்கு ஆறுதல் சொல்வதில் எனக்கு முப்பது வருஷ அனுபவம்... என் பங்கு என்று வந்ததும் ஒரு நிமிஷம் தாங்கவில்லை.

எஸ்தர் டீ கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சார். நீங்க திருப்பிப் போட்டத பாத்துகினுதானே இருந்தேன்."

"பார்த்துமா எடுத்தே?"

"எங்களையெல்லாம் மிரட்டுற சார், எதப் பாத்து மிரண்டாருன்னு தெரிய வேணாமா?" சிரித்தாள். "ரெண்டாவது வரி ஒண்ணு இருக்குதே, படிக்கலியா?"

படிக்கவில்லை. தானியேல் படுத்திருந்த கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்த அட்டையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். தைரியமாக இருங்கள், நான் ஜெயித்துவிட்டேன் என்று இயேசு சொல்வது கீழே இருந்தது.

"ஆஸ்பத்திரில அந்த வரியப் பிடிச்சிகினுதான் சார் உக்காந்திருந்தேன். மொத வரி அப்படியே நடந்துச்சி. ரெண்டாவது மட்டும் பொய்யாவா போயிடும்?"

கட்டிலில் இருந்து தானியேல், ஒவ்வொரு சொல்லாக இழுத்துச் சொன்னான்:

"கேள்விய... முழுசா... படிக்கணும்... சார்."

பரீட்சை ஹாலில் நான் கத்திய வாக்கியம். அவனுக்குப் பேச்சு திரும்பியிருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தலை குனிந்தேன்.

"மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். "அந்த அட்டையைக் கொடும்மா. என்னுதுதானே?"

"தர மாட்டேன் சார். வேணும்னா வாராவாரம் வந்து படிச்சிட்டுப் போங்க. ஆமா... உங்க செழிப்பு என்னாச்சி?"

"சுகர் மட்டும்தான்மா செழிச்சிருக்கு."

இந்த ஞாயிறும் போகப்போகிறேன் — கண்ணாடியை நிஜமாகவே துடைத்துக்கொண்டு.