கழுகுக் கண்ணுக்குத் தப்பாத காலி

நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண், எல்லாரும் கழுகு என்று கூப்பிடும் மனிதரின் முக்கால் மணி நேர வேலையை ஒரே வரி நிரலில் முடித்துவிட்டாளாம். குளிர்பதனக் கிடங்கின் அலுவலகத்தில் காலை டீக்குள் பரவிய வதந்தி. மதியத்துக்குள் அது அரை வரியாகிவிட்டது.

"வதந்தியை நான் நம்புறதில்ல" என்ற கழுகுதான் முதலில் சரிபார்க்க உட்கார்ந்தார்.

கிடங்கில் அறுபது வெப்பமானிகள்; ஒவ்வொன்றும் மணிக்கொரு எண் கணினிக்கு அனுப்பும். செத்த வெப்பமானி எண் அனுப்பாது. பட்டியலில் அந்த இடம் காலி. காலிகளை நீக்கினால்தான் சராசரி வரும். ஒன்பது வருடத்துக்கு முன் கழுகு எழுதிய நிரல், மேலிருந்து ஒவ்வொன்றாக நீக்கும். ஒன்றை நீக்கியதும் அடுத்தது அதன் இடத்துக்கு ஏறிவிடும். நிரலோ அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடும். அடுத்தடுத்து இரண்டு காலி வந்தால் இரண்டாவது பிழைத்துக்கொள்ளும். அப்படிப் பிழைத்ததை எல்லாம் அவர் கண்ணாலேயே தேடிப் பிடிப்பார். "என்னா கண்ணுய்யா!" என்று மேலாளரே மெச்சியதில் வந்ததுதான் கழுகு என்ற பட்டம். வீட்டில், எதிரே இருக்கும் உப்பு டப்பா அந்தக் கண்ணுக்குத் தெரியாது என்பது மனைவிக்கு மட்டுமே தெரியும்.

"ஒரு காலியாவது தப்பும் பாருய்யா" என்றார் ஸ்டோர்காரரிடம். "தப்பலேன்னா, என் கையால டீ கொண்டுபோய் அவ மேசையில வைக்கிறேன்."

அவள் எழுதிய வரி எதையும் அவசரப்பட்டு நீக்கவில்லை. எவையெவை காலி என்று முதலில் முழுப் பட்டியலிலும் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தூக்கியது. நேற்றைய பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு காலி. ஒன்றும் மிஞ்சவில்லை. போன மாதப் பட்டியலைப் போட்டார். அதிலும் இல்லை.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். ஒரு காலி இடத்தில் ஸ்பேஸ் பட்டனை ஒரே ஒரு தட்டு. பார்வைக்கு வெறுமைதான். மறுபடி ஓட்டினார். தப்பியது!

"எல்லாரும் வாங்க! காலியை விட்டுட்டா பாருங்க!"

அவள் குனிந்து பார்த்தாள். "அண்ணே, இது காலி இல்ல. உள்ளே ஒரு ஸ்பேஸ் இருக்கு. யாரோ தட்டியிருக்காங்க."

"யாரோன்னா?" என்றார் ஸ்டோர்காரர், ருசித்து.

திரையின் மூலையில், கடைசியாகத் திருத்தியவர் பெயரும் நேரமும். அவள் பார்த்தாள். அவள் பார்த்ததைக் கழுகும் பார்த்தார். சட்டென்று ஃபைலை மூடினாள்.

"கை பட்டிருக்கும். விடுங்க."

அதுதான் கழுகுக்கு இன்னும் எரிந்தது. மன்னிப்பதையும் ஒரே வரியில் முடித்துவிட்டாளே!

நாலாம் நாள் கழுகு டீயோடு அவள் மேசை வரை போனார்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல, ஜன்னல் பக்கம் காத்து நல்லாருக்கு" என்று நின்றபடியே குடித்து முடித்தார்.

"யோவ் கழுகு, அது அவளோடது!" என்று ஸ்டோர்காரர் கத்தினார்.

"நாளைக்குய்யா" என்றார் கழுகு, காலி டம்ளரைப் பார்த்தபடி.