சைக்கிளில் வந்த ரோஸ்மேரி

வேணுகோபால் நாயுடு போய்விட்டார் என்று நம் ஆபீஸ் பியூன் வந்து சொன்னபோது, அவர் கொடுத்த ரோஸ்மேரித் தொட்டியில் விரலை விட்டு ஈரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவக்கூடத் தோன்றாமல் மாம்பலத்தில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய வெற்றிலைப் பெட்டியும் முன்கோபமும் தெரியும். இந்தச் செடி விஷயம் எனக்கு மட்டுமே தெரியும் என்று நேற்றுவரை நினைத்திருந்தேன்.

பர்மா சண்டைக்குப் போகுமுன் அவருடைய ஒரே மகன் பெங்களூரிலிருந்து அம்மாவுக்கு வாங்கிவந்த செடி அது. அவர் மனைவி ரங்கம்மா அதைத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வாசனையுள்ள செடி, இருக்கும் இடமும் அப்படி; அதுவும் சாமியாகிவிட்டது. மகனிடமிருந்து கடிதம் நின்றுபோனதும், தினமும் குளித்துவிட்டு அதற்கு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிட ஆரம்பித்தார்.

ரோஸ்மேரிக்கோ தேங்கும் ஈரம் ஆகவே ஆகாது. நாயுடு மணலும் செங்கல் பொடியும் கலந்து தொட்டியை மாற்றினார். அடி ஓட்டையைப் பெரிதாக்கினார். அப்படியும் வேர் அழுகி இலை கறுத்தது. "மண்ணு காஞ்சா ஊத்தணும், மனசு கேக்கலைன்னு ஊத்தக்கூடாது" என்று என்னிடம் புலம்பினார்.

"அதை உம்ம வீட்டிலே சொல்லுமே ஐயா!" என்று எரிந்து விழுந்தேன்.

"சொன்னா, பையனைப் பத்தி எனக்கு ஏதோ சேதி தெரிஞ்சிருக்குன்னு நினைச்சுக்குவா. செடி போச்சுன்னா அவளும் போயிடுவா" என்றார்.

அதன்பின் மயிலாப்பூரில் என் வீட்டுக் கொல்லைதான் அவருக்கு நாற்றங்கால். இளங்கிளையின் நுனியை வெட்டி, கீழ் இலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் நட்டு நிழலில் வைப்போம். வேர் பிடித்தால் காலை வெயிலுக்கு மாற்றுவோம்; மழை வந்தால் உள்ளே தூக்குவோம். அவர் வீட்டில் செடி வாடும்போதெல்லாம், ரங்கம்மா பெருமாள் கோயிலுக்குப் போகும் சனிக்கிழமை பார்த்து, நல்ல தொட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்துப்போய் மாற்றிவைப்பார். "இன்னா நைனா, செடியக் கூட்டிக்கினு காத்து வாங்கப் போறியா?" என்று சோடாக் கடைக்காரன் கேலி செய்வான். நாயுடுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனாலும் மிதிப்பதை நிறுத்தமாட்டார்.

சண்டை முடிந்து மகன் அரை உடம்பாக வந்து சேர்ந்தான். அன்று என் கொல்லையில் நின்று நாயுடு குழந்தை மாதிரி அழுதார்.

நேற்று காரியமெல்லாம் முடிந்ததும் ரங்கம்மாவிடம் இதைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"தினம் கும்பிடற செடி மாறினா எனக்குத் தெரியாதா அண்ணா? நான் தண்ணி ஊத்தறதை நிறுத்தியிருந்தா அவருக்கு ஓடறதுக்கு வேலை இல்லாம போயிருக்கும். உக்காந்திருந்தா உடைஞ்சு போயிருப்பாரு."

என்னிடமுள்ள தொட்டியைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்ணா, நீங்களே வெச்சுக்குங்க. இனிமே உங்களுக்கும் ஒரு வேலை வேணுமில்லே" என்றார்.

வைத்துக்கொண்டேன்.