அக்காவின் மாமனார் தின்ற குஞ்சு

எங்கள் வடசேரி வீட்டு பால்கனியில், செம்பருத்தித் தொட்டியில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டி இரண்டு குஞ்சு பொரித்திருந்தது.

இன்று அமாவாசை. பக்கத்து வீட்டு அக்கா, இறந்துபோன மாமனாருக்காக மொட்டைமாடியில் இலை போட்டுச் சோறு வைத்துக் காக்காயைக் கூப்பிட்டார். வந்த காக்கா சோற்றைத் தொடவே இல்லை. நேராக என் தொட்டிக்கு வந்து ஒரு குஞ்சைக் கவ்வியது.

துடைப்பத்தை ஓங்கினேன்.

"ஏட்டி, அடிச்சிராத! எங்க மாமா வந்திருக்காவ!" என்று அக்கா கத்தினார்.

"உங்க மாமா குஞ்சத் தூக்கிட்டுப் போறாவ, அக்கா!"

காக்கா அதை அக்காவின் இலையிலேயே வைத்துக் கொத்தித் தின்றது. அக்கா கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "இருக்கும்போதும் அவியளுக்கு மீன் இல்லாம சோறு எறங்காது."

கூட்டில் இன்னும் ஒரு குஞ்சு இருக்கிறது. மாமாவுக்கு நாலு நெத்தோலி மீனாவது வையுங்கள் என்று அக்காவிடம் யார் போய்ச் சொல்வது?