அக்கா ஆற்றில் விட்ட மீன்

இரண்டு முறை கரு கலைந்தபின் சைகோனில் அக்கா மறுபடி உண்டாகியிருந்தாள். ஆற்றில் மீன் விட்டால் பிள்ளை தங்கும் என்று நாங்கள் இருந்த கான் ஹொய் பேட்டையில் பக்கத்து வீட்டு வியட்நாம்காரப் பெண் சொல்லிவிட்டாள். அக்கா பிளாஸ்டிக் பையோடு கரையில் நின்றாள். உள்ளே, கண்ணாடித் தொட்டியில் அழுக்குத் தின்ன வளர்க்கும் கருப்பு மீன்கள்.

சுற்றுச்சூழல் படித்துக்கொண்டிருந்த நான் அவசரப்பட்டேன். "ஐயோ அக்கா, இது வெளிநாட்டு மீன். உடம்பெல்லாம் ஓடு, இங்க இதை எதுவும் லேசுல திங்காது. இது மத்த மீனோட முட்டையெல்லாம் தின்னு தீர்த்துடும்."

முட்டை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கரையில் மீன் விற்றவளிடமே பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சந்தையில் குழம்புக்கு வைத்திருந்த விரால் ஒன்றை உயிரோடு வாங்கிவந்தாள்.

"இது இந்த ஊரு மீன்தானே? இது மட்டும் மத்ததைத் திங்காதாடி?"

"திங்கும்க்கா. ஆனா இதோட குஞ்சைத் திங்கக் கொக்கு இருக்கு, பெரிய மீன் இருக்கு. அதனாலதான் எதுவும் அளவு மீறாம இருக்கு."

"அப்ப இதோட குஞ்சும் தங்குமான்னு சொல்ல முடியாது."

அக்கா ஆற்றுப் படியில் மெல்ல உட்கார்ந்து, இரண்டு கையாலும் விராலைத் தண்ணீருக்குள் இறக்கினாள். அது போன பிறகும் வெகுநேரம் கையை வெளியே எடுக்கவில்லை.