ஹெல்வெட்டியா எந்த நாடு?

பங்காருபேட்டை ஸ்டேஷனில் தங்கவயல் ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். சுவிட்சர்லாந்திலிருந்து நண்பன் எழுதிய கடிதத்தைப் படிக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் அதன் உறையையே பார்க்கிறார். பெயர் கௌதமன், நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை. தபால்தலை சேர்க்கிறாராம்.

"எடுத்துக்குங்க. ஆனா ஹெல்வெட்டியான்னு தப்பா அச்சடிச்சிருக்காங்க. அப்படி ஒரு நாடே இல்லை" என்கிறேன், பள்ளி ஆசிரியனுக்கே உரிய நிச்சயத்தோடு.

"தப்பு இல்ல சார். சுவிட்சர்லாந்துக்கு லத்தீன் பேரு அது. ரோமருங்க காலத்துல அங்க ஹெல்வெட்டின்னு ஒரு ஜனம் இருந்துச்சு. அவங்க பேருலருந்து வந்தது. இப்ப அங்க நாலு பாஷை. எதுல எழுதினாலும் மத்தவங்க கோச்சிக்குவாங்க. அதான் லத்தீன்."

என் முகம் சூடாகிறது. இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கிறேன்.

"சுரங்கத்து கிளப்புல எல்லாரும் பாக்க என் ஆல்பத்த வெச்சப்ப ஒரு ஆபீசரும் தப்புன்னுட்டாரு. நான் பௌத்தன். இருந்தாலும் ஆண்டர்சன்பேட்டை சர்ச்சுக்குப் போய், லத்தீன் படிச்ச ஃபாதர்கிட்ட எழுதி வாங்கினு வந்து காட்டினேன். எல்லார் முன்னாலயும் ஆபீசர் கை குடுத்தாரு."

தபால்தலை ஒட்டிய மூலையைக் கிழித்துத் தருகிறேன். சட்டைப்பையில் பத்திரப்படுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார்.

"பாஷைய வெச்சு மாநிலம் பிரிச்சப்ப மேல இன்னா இன்னாவோ பேசினாங்க. கீழ சுரங்க ஷாஃப்ட்ல தமிழு, தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒண்ணாதான் சார் இருக்கோம். ஆளுங்கள எறக்கற கேஜ் கூண்டுக்கு அடிக்கிற மணி யாரு பாஷையும் இல்ல. எல்லாருக்கும் புரியும்."

ரயில் வந்து நிற்கிறது. "நீங்க முதல்ல ஏறுங்க" என்கிறேன்.