ஓரக்கண்ணில் நின்றவர்

நம்புகிறவர்கள் நம்பட்டும், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நடந்ததைத்தான் எழுதுகிறேன். அன்று நான் குடிக்கவில்லை. தூக்கக் கலக்கமும் இல்லை. என் பெயரை மட்டும் கேட்காதீர்கள். பயந்து மறைக்கவில்லை. வெட்கப்பட்டு மறைக்கிறேன்.

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. கண் பரிசோதித்து, லென்ஸ் வெட்டிப் பொருத்திக் கொடுப்பேன். மாடியில் வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. என்னிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர்களில் ஒருவர் லாரி டிரைவர். டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். லோடு இல்லாத நாட்களில் தன் தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வந்துவிடுவார். இரண்டு பேருக்கும் வானக் கிறுக்கு. அவர் மனைவி, அண்ணி, தலையில் அடித்துக்கொள்வார்.

மங்கலான கேலக்ஸியை, அதாவது தொலைதூர நட்சத்திரக் கூட்டத்தை, நேராகப் பார்த்தால் தெரியாது. கொஞ்சம் தள்ளி, ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். பக்கத்தில் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால், அதைக் காட்சிக்கு வெளியே தள்ளிவிட வேண்டும். அப்படியும் பிடிபடவில்லை என்றால் குழாயை விரலால் மெல்லத் தட்டுவோம். காட்சி நடுங்கும்போது மங்கலானதும் சட்டென்று கண்ணில் படும். நான் பார்க்கும்போது அண்ணன் தட்டுவார். எப்போதும் மூன்று தட்டு. டக்... டக்... டக். அப்புறம், "இப்ப தெரியுதா தம்பி?" என்பார்.

இரண்டு வருடம் முன்பு, பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை ஒட்டியிருக்கும் கேலக்ஸியில், வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளியை அவர் கண்டுபிடித்தார். வெடித்த நட்சத்திரம். என்னைப் பார்க்கச் சொன்னார். தட்டினார். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"ஒண்ணும் தெரியலையே அண்ணே" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேறென்ன, வயிற்றெரிச்சல்தான். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். மறுநாள் அவரைக் கடைக்கு வரவழைத்து, கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "கருவிழி மங்க ஆரம்பிச்சிருக்கு. அதான் இல்லாததெல்லாம் தெரியுது" என்று வாய் கூசாமல் சொன்னேன். அவர் கண் டாக்டர் யாரிடமும் போகவில்லை. என்னை அவ்வளவு நம்பினார்.

மங்கின கண்ணோடு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டார். அதே லாரி ஷெட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்தார். தொலைநோக்கியை என்னிடமே கொடுத்தார். புள்ளியை நான் கண்டுபிடித்ததாக, என் பெயரில் வானியல் சங்கத்துக்குத் தெரிவித்தேன். சான்றிதழ் வந்தது. ஃபிரேம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் மாட்டினேன். அவர் அதைப் பார்த்தாரா, தெரியாது. அதன்பின் கடைக்கு வரவில்லை. நானும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்?

போன மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மணி 1.35. மொட்டை மாடியில் நான் மட்டும். படிக்கட்டுக் கதவைத் தாழ் போட்டிருந்தேன். கொஞ்சமும் காற்றில்லை.

அதே கேலக்ஸியைப் பிடித்து, ஃபோகஸ் திருகைத் திருகிக் காட்சியைத் தெளிவாக்கி வைத்தேன். நோட்டில் நேரம் எழுதினேன். திரும்பக் கண்ணை வைத்தால்... காட்சி கலங்கிக் கிடந்தது.

திருகு கால் சுற்று உள்ளே போயிருந்தது. சரிசெய்தேன். தலையை எடுத்து, மறுபடி குனிந்தேன்.

மறுபடியும் கால் சுற்று.

எனக்கு இதுதான் தொழில். எந்தக் கண்ணுக்கு எவ்வளவு திருக வேண்டும் என்று கை சொல்லும். இது கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கும் கிட்டப்பார்வைக்காரர் வைத்தது. மைனஸ் நாலு. அண்ணனின் பவர்.

மணி 1.40.

டக்... டக்... டக்.

சத்தத்தைப் பிரமை என்று தள்ளிவிடலாம். நட்சத்திரங்களும் நடுங்கினவே...

இடது ஓரக்கண்ணில் ஒருவர் நின்றார். தன் முறை வரட்டும் என்று காத்திருப்பவர் போல.

திரும்பினேன். யாரும் இல்லை.

பார்வையை விலக்கினேன்.

நின்றார்.

"இப்ப தெரியுதா தம்பி?"

"தெரியுது அண்ணே... அன்னைக்கும் தெரிஞ்சுது."

எப்படிக் கீழே வந்தேன் என்று நினைவில்லை.

ஐந்தாம் நாள் காலை அண்ணி கடைக்கு வந்தார். கையில் ஒரு கண்ணாடிக் கூடு.

"வெள்ளிக்கிழமை ராத்திரி நெஞ்சு வலின்னாரு. போயிட்டாரு தம்பி. யாருக்கும் சொல்லி அனுப்பக்கூட ஆள் இல்ல. இந்தக் கண்ணாடி யாருக்காவது உதவட்டும்."

நான் கூட்டை வாங்கிக்கொண்டேன்.

"கண்ணைத் தானமா எழுதி வெச்சிருந்தாரு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்து எடுத்துட்டுப் போனாங்க. நான்தான் நேரம் போட்டுக் கையெழுத்து வெச்சேன். மணி ஒண்ணு நாப்பது."

பிறகு கேட்டார்.

"கருவிழி ரெண்டும் பளிங்கு மாதிரி இருக்குன்னு அந்த டாக்டர் சொன்னாரு. நீங்க மங்குதுன்னீங்களே தம்பி?"

இருட்டில் அண்ணனிடம் ஒப்புக்கொண்டவன், பகலில் அண்ணியின் முகத்தைப் பார்த்து...

"சில பேருக்குத் தானா சரியாயிடும் அண்ணி" என்றேன்.

எனக்குப் பின்னால், சுவரில், சான்றிதழின் கண்ணாடியில்...

டக்... டக்... டக்.

அண்ணி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"யாரு தம்பி தட்டுறது?"