மகிமை உமக்கே

1988 டிசம்பர் 17, சனிக்கிழமை. வழக்கம்போல அப்பா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போனார். அம்மா துணி துவைத்தார். ஒன்பது வயதான நான் கோழிக்கூட்டைத் திறந்துவிட்டு, வாசலைக் கூட்டி, ஞாயிறு பள்ளிக்கான மனப்பாட வசனத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுக்குச் சவப்பெட்டி வந்தது. அந்த வீட்டு அக்காவின் ஒரே மகள், ஆறு வயது, மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

இனி என் பெயரைச் சொல்லியாக வேண்டும். என் பெயர் மகிமை. மலேசியாவில் கூலிமுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் தகரக்கூரை போட்ட ஜெபவீடு ஒன்று உண்டு. அங்கே எந்த ஜெபமும் சபையார் சேர்ந்து 'மகிமை உமக்கே' என்று சொல்வதில்தான் முடியும். நாற்பது பேர் கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்கிறார்கள் என்று நம்பியிருந்தேன். அது எனக்கு விநோதமாகத் தோன்றவில்லை, பொருத்தமாகவே தோன்றியது. முன்வரிசையில் உட்கார்ந்து, அந்த இடம் வரும்போது தலையை நிமிர்த்திக்கொள்வேன். இந்த விஷயம் அம்மாவின் தம்பியான மாமாவுக்கு மட்டும் தெரியும்.

"என்னா மகிமை, இன்னிக்கு எத்தன தடவ கூப்பிட்டாங்க?" என்பார்.

"பதினொன்னு, மாமா."

"பரவால்லலா. போன வாரத்துக்கு ரெண்டு கூட."

'உமக்கே' என்ற சொல்லை மட்டும் நான் கவனித்ததில்லை.

மூன்று மணிக்கு அடக்கம் நடந்தது. ஐந்து மணிக்கு அக்கா வீட்டில் ஜெபம். மழை இருட்டிக்கொண்டு வந்து மின்சாரமும் போய்விட்டது. மெழுகுவத்தி வெளிச்சத்தில் உபதேசியார், "அவருக்குச் சொந்தமானத அவர் கேட்டாரு, கொடுத்துட்டோம்" என்றார். பிறகு ஜெபித்தார். எல்லாரும் சொன்னார்கள்: மகிமை உமக்கே.

அப்போதுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது. உமக்கே. உமக்குத்தான், வேறு யாருக்கும் இல்லை. அப்படியானால் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளும் இவர்கள் என்னைப் பாராட்டவில்லை, என்னைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அடுத்தது நான்.

கண்ணைத் திறந்தேன். எல்லாருடைய கண்களும் மூடியிருந்தன, உதடுகள் மட்டும் அசைந்தன. அப்பா சொன்னார். அம்மாவும் சொன்னார். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். இமைக்காமல் என்னையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "மகிமை உமக்கே."

நான் எழுந்து ஓடினேன்.

ரப்பர் பாளங்களை உலர்த்தும் புகைக்கூடத்துக்குள் போய் ஒளிந்தேன். மூங்கில்களில் பாளங்கள் உரித்த தோல்போல வரிசை வரிசையாகத் தொங்கின. காற்றே இல்லை, ஆனாலும் அவை லேசாக அசைந்தன. சற்று நேரத்தில் வெளியே குரல்கள் கேட்கத் தொடங்கின. ஆற்றுப் பக்கமிருந்து அப்பா, லயத்து வீடுகள் பக்கமிருந்து அம்மா, அப்புறம் சபை முழுவதும். மகிமை, மகிமை என்று மரங்களுக்கிடையே கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். எது மனிதக் குரல், எது எதிரொலி என்று பிரித்தறிய முடியவில்லை. எந்தக் குரல் 'உமக்கே' என்று முடிக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

எனக்கு மூன்றடி தள்ளி ஒரு பாளம் விலகியது. அக்கா நின்றிருந்தார். பிள்ளையின் அடக்கத்துக்குக் கட்டிய அதே சேலையில்தான் இருந்தார்.

"இங்க என்னா பண்ற, புள்ள?"

"அக்கா, என்னைக் குடுத்துராதீங்க."

அவருக்கு விளங்கச் சிறிது நேரமானது. விளங்கியதும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அந்தப் புகையில் சரியாகத் தெரியவில்லை.

"ஐயோ, அது நீ இல்லலா. உன் பேர யாரு சொன்னா? எல்லாப் பெருமையும் அவருக்கே, எங்களுக்கு ஒன்னும் வேணாம்னு சொல்றோம். அவ்ளோதான்."

"அப்புறம் ஏன் என்னையே பாத்தீங்க?"

"கண்ண மூடுனா அவ முகம் வருது. அதான் தொறந்து வெச்சிருந்தேன். நீ எதுக்க உக்காந்திருந்த."

வெளியே வந்ததும் மாமா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். "உன்னை வாங்கிட்டுப் போயி ஆண்டவரு என்னா செய்வாரு? சோறு போட்டே ஓஞ்சி போவாரு." ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா அதற்குப் பிறகு எண்ணிக்கை கேட்டதில்லை.

அன்று படுக்கும்போது உயிர் தப்பிய நிம்மதி இருந்தது. கூடவே, இத்தனை நாளும் அங்கே ஒருவர்கூட என் பெயரைச் சொன்னதில்லை என்பதும் புரிந்தது. எனக்கு அழுகை வந்தது பயத்தினால் அல்ல, இதனால்தான்.

மறுநாள் காலை முதல் வேலையாக அம்மா என் கையில் கஞ்சித் தூக்கைக் கொடுத்து அக்கா வீட்டுக்கு அனுப்பினார். அக்கா அங்கே இல்லை. அவர் கணவர் ஜெபவீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். ஆராதனைக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. பாட்டுச் சத்தம் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அக்கா வெறும் சுவரைப் பார்த்து நின்று முழுக்குரலில் துதிப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். சபை கூடியிருக்கும்போது அவர் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. யார் கேட்கப் பாடுகிறார் என்று தெரிந்துகொள்ள, தூக்கைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சன்னலுக்கும் போய்ப் பார்த்தேன். எட்டுப் பெஞ்சுகளிலும் ஆள் இல்லை.